இல்லாத நாற்காலியை அகற்றிய விவரம்

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்றாவது தடவையாகப் போன் வந்து, பேச்சியக்கா இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், கேமராவில் நன்றாகத் தெரிகிறது, இதற்கு மேலும் தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடையாது என்று சொன்னபோது, எங்கள் மேனேஜர் தவசிலிங்கம் சார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், அதற்கு நாற்காலியைத் தூக்கு என்று அர்த்தம், நானும் தூக்கத்தான் போனேன், ஆனால் தூக்குவதற்கு அங்கே நாற்காலி கிடையாது.

பேச்சியக்கா காற்றில் உட்கார்ந்திருந்தார். துண்டு செக்‌ஷனுக்கும் பக்கெட் செக்‌ஷனுக்கும் நடுவே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி, மடியில் குவித்த துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே டைல்ஸ் தெரிந்தது. டைல்ஸில் ஒரு விலை ஸ்டிக்கர் ஒட்டிக் கிடந்தது. நான் குனிந்து அவருக்கு அடியில் கையை விட்டு அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து எடுத்தேன். வந்ததற்கு எதையாவது அகற்ற வேண்டுமே.

"என்னலே தேடுத?" என்றார் பேச்சியக்கா.

"நாற்காலிய எடுக்கச் சொல்லுதாங்கக்கா."

"எடுத்துக்கோ. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

என் பேர் இசக்கிதுரை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அதைப் பிடிக்கவில்லை, இதில் கதை ஒன்றும் இல்லை. பதினெட்டு முடிந்த மறுவாரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற அள்ளிக்கோ பஜாரில் சேர்ந்தேன். அள்ளிக்கோவுக்கு முப்பத்தோரு கிளை, எங்களுடையது இருபத்தாறாவது. ஊரிலேயே விலை குறைவு என்று வாசலில் எழுதியிருக்கும், எதிர்க்கடையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆறு மாதம் பயிற்சி, அதற்குப் பிறகு நிரந்தரம், அதுவரை என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் சென்னையில் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும்.

நல்லதும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஏசி உண்டு. வெளியே சித்திரை வெயில் ரோட்டை உருக்கும்போது உள்ளே எங்களுக்கு மட்டும் மார்கழி. நொறுங்கிய பிஸ்கட் பாக்கெட் வந்தால் நாங்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம், எப்போது நொறுங்கியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் கூட்டம் வந்து மோதும்போது நேரம் போவதே தெரியாது, ஒரு பெட்ஷீட்டின் இரண்டு முனையை இரண்டு பெண்கள் இழுக்க, நடுவில் நான் நின்று நியாயம் சொல்வேன், அந்த நேரத்தில் நான் மாவட்ட ஆட்சியர்.

கெட்டது ஒன்றுதான். நிற்க வேண்டும். காலை பத்திலிருந்து இரவு ஒன்பதரை வரை, சாப்பாட்டுக்கு அரை மணி போக, நிற்க வேண்டும். ஆள் இருந்தாலும் நிற்க வேண்டும், ஆள் இல்லாவிட்டாலும் வரப்போகிற ஆளுக்காக நிற்க வேண்டும். லாக்கர் பக்கத்தில் விதி ஒட்டியிருக்கிறது: பணியாளர்கள் விற்பனைத் தளத்தில் நாற்காலி, ஸ்டூல், மரப்பெட்டி, மாடிப்படி, கவிழ்த்த பக்கெட் ஆகியவற்றில் அமரக் கூடாது. கவிழ்த்த பக்கெட் மட்டும் பேனாவில் எழுதிச் சேர்த்தது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் இருப்பதால், எங்கள் கடையில் சட்டத்துக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அது ஸ்டாக் ரூமில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், ஆபீசர் வந்தால் காட்டுவதற்கு இருக்கிறது. அதுவும் சுவரோரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

பேச்சியக்கா அங்கே ஒன்பது வருஷமாக நின்றவர். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் புடலங்காய் மாதிரி புடைத்திருக்கும், அதன்மேல் கிரேப் பேண்டேஜ், அதன்மேல் சாக்ஸ். இன்னும் ஒரு வருஷம் இப்படியே நின்றால் புண் வாய் திறக்கும், பிறகு மூடாது, மணிக்குப் பத்து நிமிஷமாவது உட்காரு என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பேச்சியக்கா அதை மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் அதை ஃபைலில் வைத்தார். சீட்டு உட்கார்ந்துவிட்டது, பேச்சியக்கா நின்றார். வேலையை விட முடியாது, மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு, துண்டு மடித்துக்கொண்டிருந்தவர், யாரையும் கேட்காமல், பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்தார். விழவில்லை. விழ எதுவோ விடவில்லை. நான் பக்கெட் அடுக்கிக்கொண்டு பார்த்தேன்.

"வாயப் பொளந்துட்டு நிக்காத, அந்த நீலத் துண்ட எடு," என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதுதான் கேமராவில் விழுந்த முதல் படம்: அவர் உட்கார்ந்திருக்கிறார், நான் துண்டு கொடுக்கிறேன். கேமரா மேலே இருக்கிறது, குறுக்கே என்னுடைய பக்கெட் கோபுரம், ஆகவே இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சென்னைக்குத் தெரியாது.

முதல் போன் அன்றைக்கே வந்தது. தவசிலிங்கம் சார் ஓடிவந்து பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"சார், இங்க நாற்காலியே இல்ல சார்."

"அப்ப அந்தம்மா எதுல உட்கார்ந்திருக்காங்க?"

"ஒண்ணுமில்லாததுல சார்."

 அந்தப் பக்கத்தில், மதியச் சாப்பாட்டோடு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். தவசிலிங்கம் சார் மோர் குடித்ததாகச் சொன்னார். நாற்காலியை அகற்றுகிற போட்டோ ஆறு மணிக்குள் வர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

இல்லாததை எப்படி அகற்றுவது, அகற்றியதை எப்படிப் படம் எடுப்பது என்று தவசிலிங்கம் சார் ஐந்தரை மணி வரை யோசித்தார். பிறகு சட்டத்து நாற்காலியை எடுத்துவரச் சொன்னார். நான் அதைக் கொண்டுவந்து வைத்தேன், அவர் ஒரு படம் எடுத்தார், நான் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போனேன், இன்னொரு படம் எடுத்தார். நன்று என்று பதில் வந்தது. மறுவாரம் சென்னை மறுபடியும் பார்த்தது, பேச்சியக்கா மறுபடியும் உட்கார்ந்திருந்தார், நான் மறுபடியும் அதே நாற்காலியைத் தூக்கினேன். மூன்றாம் தடவை பிளாஸ்டிக் உறை தெரியாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டைப் போட்டோம். இப்படி ஒரே நாற்காலியை மூன்று தடவை தூக்கியதில், இருபத்தாறாம் கிளையில் மூன்று நாற்காலிகள் பறிமுதல் என்று சென்னைக் கணினியில் ஏறிவிட்டது, அந்த மூன்றையும் மதுரைக் குடோனுக்கு அனுப்பி வைக்கவும் என்று கடிதம் வந்தது. தவசிலிங்கம் சார் அதைப் படித்துவிட்டு அப்படியே கீழே உட்காரப் போனார், பிறகு விதி ஞாபகம் வந்து நிமிர்ந்துவிட்டார்.

இதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் எங்கள் ஆட்களே அவரவர் செக்‌ஷனில் உட்கார்ந்து பார்த்தார்கள், அவரவர் செக்‌ஷனில் விழுந்தார்கள், பாத்திரப் பிரிவுக் குமரேசன் விழுந்ததில் மூன்று குடம் நசுங்கியது, அதை நொறுங்கிய பிஸ்கட் போலப் பங்கு போட முடியாது. துண்டுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் மட்டும்தான் அது இருந்தது, அங்கே யார் உட்கார்ந்தாலும் தாங்கியது.

அப்புறம் வந்தார்கள். பக்கத்து பேங்கில் பென்ஷனுக்கு டோக்கன் வாங்கியவர்கள் வந்தார்கள், ஸ்கேன் எடுக்க வந்த பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள், ஆட்டுச் சந்தைக்கு வந்த தரகர்கள் ஆட்டை வாசலில் கட்டிவிட்டு வந்தார்கள், ராஜபாளையம் பஸ் கண்டக்டர் ஒருவர் வண்டி நிற்கிற நாலு நிமிஷத்தில் ஓடிவந்து இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, எட்டு மணி நேரம் என் சீட்டுல உட்கார்ந்தாலும் இந்தச் சுகம் வராது என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. ஒரு அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை கலர்ல வருது?" என்று கேட்டார். இன்னொருவர், "ரெண்டா எடுத்தா குறைச்சுத் தருவீகளா?" என்றார். தச்சு வேலை பார்க்கிற ஒருவர் டேப்பை நீட்டி அளந்து, ஒன்றரை அடி உயரம், இடது பக்கம் லேசாகச் சாய்வு, எந்த மரமென்று சொல்ல முடியவில்லை, ஆனால் கூலிக்குச் செய்த வேலை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை யாரோ மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பொட்டு அந்தரத்தில் நின்றது, பில் கவுண்டர் ஷமீமா வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "உட்கார்ந்தா சேலையில ஒட்டும்லா," என்றாள். அவளே ஒரு முறையும் வைத்தாள்: ஒரு சோப்பாவது வாங்க வேண்டும், பில்லைக் காட்டி உட்காரலாம், அடுத்த பில் வந்தால் எழுந்திருக்க வேண்டும். ஆனால் பேச்சியக்கா வந்து பக்கத்தில் நின்றால் பில்லாவது மண்ணாவது, யாராக இருந்தாலும் எழுந்துவிடுவார்கள். அதை யாரும் வைக்கவில்லை, தானாக வந்தது.

சோப்பு விற்றது, துண்டு விற்றது, மூன்று வருஷமாக விற்காத ஊதா பக்கெட் விற்றது. விற்பனையில் தென்மாவட்டத்திலேயே முதலிடம் என்று தலைமை அலுவலகத்தின் ஒரு பிரிவு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஏரியா மேனேஜர் நேரில் வருகிறார் என்று இன்னொரு பிரிவு கடிதம் அனுப்பியது. இரண்டும் ஒரே கூரியரில், ஒரே கவரில் வந்தன.

ஏரியா மேனேஜர் ஜெபசிங் சார் நாசரேத்துக்காரர். பதினோரு கிளையை மோட்டார் சைக்கிளிலேயே சுற்றுகிறவர். எல்லா ஆண்களும் அவருக்குத் தம்பி, எல்லாப் பெண்களும் சகோதரி, எவ்வளவு கெட்ட செய்தியையும் ஜெபம் சொல்வது போல மெதுவாகச் சொல்வார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நேராகத் துண்டு செக்‌ஷனுக்கு வந்தார்.

"சகோதரி, கொஞ்சம் எந்திரிங்க."

பேச்சியக்கா எழுந்து அலமாரியில் சாய்ந்து நின்றார். ஜெபசிங் சார் குனிந்து அந்த இடத்துக்குக் கீழே கையை வீசினார், ஒன்றும் தட்டவில்லை. டைரியை மேலே வைத்தார், டைரி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார், அதுவும் நின்றது. இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, ஆய்வு என்றால் முழுசாகச் செய்ய வேண்டும் என்று சொல்லி, தானே உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முதலில் தோள் இறங்கியது, பிறகு தாடை இறங்கியது, பிறகு கண் மூடியது. இருபது நிமிஷம். குறட்டைகூட ஜெபம் போல மெதுவாகத்தான் வந்தது. பில்லோடு வந்த இரண்டு பேரைத் தவசிலிங்கம் சார் வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார். பேச்சியக்கா ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றார்.

கண் திறந்ததும் ஜெபசிங் சார் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து சொன்னார்: "நாற்காலி இருக்கு."

"எங்க சார்?" என்றார் தவசிலிங்கம் சார்.

"நான் உட்கார்ந்தேன். நாற்காலி இல்லாம எப்படி உட்கார முடியும்? இருக்கு. இருந்தா யாரோ கொண்டுவந்திருக்கணும். கம்பெனி வாங்கல. அப்ப சகோதரி கொண்டுவந்தது."

டைரிக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பணியாளர் பெயர், பேச்சித்தாய். குற்றம், அனுமதியின்றித் தளவாடம் கொண்டுவந்தது. பொருள், நாற்காலி, எண்ணிக்கை நான்கு. பறிமுதல் செய்த மூன்றும் இப்போது இருக்கிற ஒன்றும். நடவடிக்கை என்ற இடத்தில் பணிநீக்கம் என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. கடைசியில் ஒரு கோடு: நான் மேற்படி நாற்காலியைக் கண்ணால் கண்டேன், சாட்சி. சாட்சி கேமராவில் தெரிகிற ஆளாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாதாம். எல்லாப் படத்திலும் பேச்சியக்கா பக்கத்தில் தெரிகிறவன் நான் ஒருவன்தான். துண்டு கொடுத்துக்கொண்டு.

"தம்பி இசக்கிதுரை, உன்னோட நிரந்தர ஆர்டர் என் பையில இருக்கு. சர்டிபிகேட்டும் கேட்டு வாங்கித் தந்துருவேன். இதுல ஒரு கையெழுத்துப் போடு, சாயங்காலம் அதுல ஒண்ணு போடு."

நான் பேச்சியக்காவைப் பார்த்தேன். அவர் பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டுப் போலே," என்றார். "எனக்கென்ன, எதிர்க்கடையில போய் நிப்பேன்."

அவர் நிப்பேன் என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் படிவத்தை வாங்கி முழுசாகப் படித்தேன், பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்வித்தாளைக்கூட அப்படிப் படித்ததில்லை.

"சார், கண்ணால் கண்டேன்னு போட்டிருக்கு. நான் காணல."

"நான்தான் உட்கார்ந்து காட்டினேனே தம்பி."

"நீங்க உட்கார்ந்தத கண்டேன் சார். தூங்கினதும் கண்டேன். அதுக்கு வேணும்னா சாட்சிக் கையெழுத்துப் போடுதேன்."

ஷமீமா பில் கவுண்டரில் இருமினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தவசிலிங்கம் சார் எடுத்தார், கேட்டார், கேட்டுக்கொண்டே ஜெபசிங் சாரைப் பார்த்தார், சரி சார், சரி சார் என்றார், போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரும் ஜெபம் போலவே சொன்னார்.

"சென்னை சார். துண்டு செக்‌ஷன்ல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆம்பள இருபது நிமிஷம் நாற்காலியில தூங்கினாராம். யாரு, எந்தச் செக்‌ஷன், பேரைச் சொல்லு, இன்னைக்கே சீட்டக் கிழிக்கணும்னு கேக்காங்க."

ஜெபசிங் சார் தன் சட்டையைப் பார்த்தார். வெள்ளைதான். ரொம்ப நேரம் வெள்ளையாகவே இருந்தது. நாற்காலி இருந்தால் அவர் அதில் தூங்கியிருக்கிறார், நாற்காலி இல்லையென்றால் படிவமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது, அதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம்தான் ஆனது, சும்மா ஏரியா மேனேஜர் ஆகவில்லை.

"சாட்சி போட்டுட்டா அது சகோதரியோட நாற்காலின்னு ஆயிரும், நான் ஆய்வுக்காக உட்கார்ந்ததா ஆயிரும். போடலன்னா அங்க ஒண்ணும் இல்லன்னு நான் எழுதிக் கொடுக்கணும். எழுதினா என்னை எங்க அனுப்புவாங்கன்னு உனக்குத் தெரியாது தம்பி. போடு."

நான் பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகினேன். மரியாதையாகத்தான் செருகினேன்.

அவருக்கு முதல் தடவையாகக் குரல் ஏறியது. "அப்பிடியா. சரி. கையெழுத்துப் போடுற வரைக்கும் நீ இந்த இடத்த விட்டு அசையக் கூடாது. சாப்பாடு கிடையாது, பாத்ரூம் கிடையாது. இங்கேயே நில்லு. எவ்வளவு நேரம் நிப்பன்னு நானும் பாக்கேன்."

தவசிலிங்கம் சார் போனை இன்னும் நெஞ்சில் வைத்திருந்தார், அதற்குள்ளிருந்து சென்னை எறும்பு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. பில்லோடு வந்தவர்கள் ஆறேழு பேர் சோப்பைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியக்கா யாரையும் பார்க்காமல் நொண்டி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, மடித்த துண்டுகளை மடியில் எடுத்துக்கொண்டார். அதுவரை நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. பயிற்சிக் காலம் முடியட்டும் என்று வைத்திருந்தேன். காலையிலிருந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது, குதிகாலில் ஊசி குத்திக்கொண்டிருந்தது.

நான் போய்ப் பேச்சியக்கா பக்கத்தில் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, கூட்டமான பஸ்ஸில் செய்வது போல, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அங்கே இரண்டு பேருக்கு இடமிருந்தது.

"நான் என்ன சொன்னேன்? நில்லுன்னேன்," என்றார் ஜெபசிங் சார். "எந்திரி. நில்லு."

நான் நிற்கவில்லை.